பளபளவென்று வந்த வண்டி: 11 வாட்டர் சர்வீஸும் ஒரு லிங்கேஜும்

பட்டறைக்கு வந்த அன்று அந்த வண்டியில் ஒரு பொட்டு மண் இல்லை. டேங்கில் முகம் பார்க்கலாம். இன்ஜின் ஃபின்களுக்கு நடுவே விரலை விட்டுத் தேய்த்தேன், விரல் சுத்தமாகவே வந்தது. மண்ணில் ஓட்டுகிற வண்டி என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பின்சக்கரத்தின் ஆக்சில் நட்டைக் கழற்றிவிட்டு ரப்பர் சுத்தியலால் தட்டினேன். அசையவில்லை. பித்தளைத் துண்டை முட்டுக் கொடுத்து இரும்புச் சுத்தியலால் நாலு அடி போட்ட பிறகுதான் வெளியே வந்தது. வந்த ஆக்சிலின் மேல் காய்ந்த டீ டிகாக்‌ஷன் நிறத்தில் கறை. கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்பழுப்புப் பொடி.

வெளியே கல்யாண மாப்பிள்ளை, உள்ளே துரு. இந்த வண்டிக்கு என்ன நடந்தது, எதனால் நடந்தது, பிறகு என்ன மாற்றினோம் என்பதை எழுதி வைக்கிறேன். வண்டியின் பெயர் வேண்டாம், தவறு வண்டியுடையது இல்லை. ஒற்றை சிலிண்டர், முன்னால் 21 அங்குல ஸ்போக் சக்கரம், பின்னால் லிங்கேஜ் என்கிற இணைப்புக் கைகளோடு சேர்ந்த மோனோ ஷாக் (ஒற்றை ஷாக் அப்சார்பர்). நம்பர் பிளேட் போட்டு ரோட்டிலும் ஓட்டலாம், மண்ணிலும் இறக்கலாம் என்கிற வகை.

வந்த புகார்

ஓட்டுபவர் உடுமலைப் பக்கத்துத் தம்பி, ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசர். 2023 ஜூனில் வாங்கிய வண்டி, என்னிடம் வந்தது 2024 செப்டம்பரில். மீட்டரில் 8,600 கிலோமீட்டர்.

"அண்ணா, பின்னாடி ஷாக் கெட்டியாய்டுச்சுங்ணா. சின்னக் குழில விட்டாலே முதுகுல இடிக்குது. ஷாக் போயிருச்சு, புதுசுதான் போடோணும்ங்கறாங்க. 11,000 ஆகுமாமா."

"யாரு சொன்னாங்க?"

"ஒரு எடத்துல காட்டினேனுங்க. வண்டி மேல ஒக்காந்து ரெண்டு அமுக்கு அமுக்கிப் பாத்துட்டு சொன்னாங்க."

அமுக்கிப் பார்த்தால் கெட்டியாகத்தான் இருக்கும். ஆனால் கெட்டியாக இருப்பது ஷாக்கா, ஷாக்குக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிற ஏதாவதா என்பது சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் தெரியாது. ஷாக்கின் உள்ளே எண்ணெயும் கேஸும் போனால் வண்டி பொதுவாகத் தொளதொளவென்று ஆடும், துள்ளும். இது துள்ளவில்லை. இறுகிப்போய் நின்றது. கூடவே, ஆள் ஏறி இறங்கும்போது அடியில் ஒரு 'கிரீச்'. எனக்கு அப்போதே சந்தேகம் லிங்கேஜ் மேல்தான்.

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரத்தை எடுத்து, ஷாக்கின் கீழ் போல்ட்டை உருவினேன். இப்போது பின்சக்கரம் மாட்டுகிற கையான ஸ்விங் ஆர்மைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை. கையால் தூக்கி விட்டால் தன் எடையிலேயே 'தொப்'பென்று கீழே விழ வேண்டும். தூக்கினேன், கையை எடுத்தேன். ஸ்விங் ஆர்ம் அந்தரத்தில் அப்படியே நின்றது.

தம்பி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஷாக் கழட்டியாச்சுங்களாண்ணா?" என்று கேட்டார். கையில் இருந்த போல்ட்டைக் காட்டினேன்.

திறந்து பார்த்ததில்

லிங்கேஜ் என்பது ஸ்விங் ஆர்முக்கும் ஷாக்குக்கும் நடுவில் இருக்கிற முக்கோண வடிவ ராக்கரும் அதைப் பிடித்திருக்கிற இரண்டு கைகளும்தான். அது திரும்புகிற ஒவ்வொரு முனையிலும் ஊசி பேரிங். பென்சில் லெட் தடிமனுள்ள உருளைகள் வரிசையாக நிற்கும், நடுவில் ஒரு இரும்பு புஷ், இரண்டு பக்கமும் மெல்லிய ரப்பர் சீல். அவ்வளவுதான். வண்டியிலேயே தரைக்கு நெருக்கமாக இருக்கிற பேரிங் இதுதான், வண்டி எடையும் ஆள் எடையும் பல மடங்காக வந்து இறங்குகிற இடமும் இதுதான்.

ராக்கரின் நடு புஷ் கையால் வரவில்லை. வைஸில் வைத்து அழுத்தித் தள்ளினோம். ஊசிகளை ஒரு வெள்ளை பனியன் துணி மேல் கொட்டினால் பாதி உருளை, பாதி செந்தூள். புஷ்ஷின் மேல் சீப்புப் பல் மாதிரி சம இடைவெளியில் கோடுகள். ஊசிகள் உருளாமல் ஒரே இடத்தில் நின்று அழுந்திய தடம் அது.

இதைத் தம்பிக்குப் புரிய வைக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. சக்கர பேரிங் முழுச் சுற்றுச் சுற்றுகிறது, கிரீஸும் கூடவே சுற்றி எல்லா இடத்துக்கும் போகும். லிங்கேஜ் பேரிங் அப்படி இல்லை, சில டிகிரி முன்னும் பின்னும் அசைவதோடு சரி. கிரீஸ் ஒரு முறை ஒதுங்கினால் தானாகத் திரும்பி வராது. தண்ணீர் ஒரு மூலையில் புகுந்தால் அந்த மூலையிலேயே குடியிருக்கும். புது வண்டியில் இங்கே வைத்து வருகிற கிரீஸ் பல சமயம் தாராளமாக இருப்பதும் இல்லை. வண்டியை இவர் மூன்று முறை முறையான சர்வீஸுக்குக் கொண்டுபோயிருக்கிறார். ஆயில் மாற்றியிருக்கிறார்கள், செயின் இழுத்திருக்கிறார்கள், வாட்டர் வாஷ் செய்து கொடுத்திருக்கிறார்கள். லிங்கேஜை யாரும் கழற்றவில்லை.

பின்சக்கரத்தில் இடது பேரிங் முடிந்திருந்தது. விரலை உள்ளே வைத்துச் சுற்றினால் மணல் அரைபடுகிற மாதிரி நறநறப்பு. வலது பேரிங் பரவாயில்லை ரகம். ஸ்ப்ராக்கெட் பக்கத்து பேரிங்கும் தண்ணீர் குடித்திருந்தது. செயினில் மூன்று கண்ணிகள் மடங்கியபடி நின்றன, நிமிர மறுத்தன. சைடு ஸ்டாண்டு சுவிட்சின் வயர்களை இணைக்கிற கப்ளரைப் பிரித்தால் பின்களில் பச்சை பூத்திருந்தது. 'சில நாள் செல்ஃப் எடுக்க மாட்டேங்குதுங்ணா' என்று அவர் போகிற போக்கில் சொன்னதற்கு விடை அங்கே இருந்தது.

11 ஞாயிற்றுக்கிழமைகள்

"மண்ணுல ஓட்டி முடிச்சதும் என்ன பண்ணுவீங்க?"

"வாட்டர் சர்வீஸ் விட்டுருவேனுங்ணா. ஒரு தடவ கூட மண்ணோட வீட்டுக்குக் கொண்டுபோனதில்ல." குரலில் பெருமை இருந்தது. தப்புச் சொல்ல முடியாது. வண்டி மேல் அக்கறை இல்லாதவர் 150 ரூபாய் கொடுத்துக் கழுவ மாட்டார்.

எத்தனை தடவை என்று அவருக்கு நினைவில்லை. ஜிபேயில் தேடினோம். அந்தக் கடையின் பெயரில் 11 முறை 150 ரூபாய் போயிருந்தது. எல்லாம் ஞாயிறு, எல்லாம் காலை 11 மணியில் இருந்து 12 மணிக்குள். கேஸ் ஷீட் மாதிரி கையில் கிடைத்துவிட்டது.

அவர்கள் ஓட்டுவது ஒரு நண்பரின் தென்னந்தோப்புக்குப் பின்னால் மேடு பள்ளம் வெட்டிய சொந்த நிலத்தில். (ஆனைமலை புலிகள் காப்பகப் பக்கம் காட்டுக்குள் வண்டியை விட்டுவிட்டு என்னிடம் சேறு துடைக்க வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்லுகிற பராமரிப்புக் குறிப்பு வேறு.) பாதி செம்மண், பாதி கரிசல். கரிசல் மண்ணில் இருக்கிற களி நனைந்தால் உப்பும், காய்ந்தால் இறுகும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அடைத்துக்கொண்டு சக்கரத்தையே நிறுத்திவிடும் அளவுக்கு ஒட்டும். இதைப் பார்த்ததும் மனசு வேகமான தண்ணீரைத்தான் தேடும். அது இயல்பு.

ஓட்டி முடித்த கையோடு, இன்ஜினும் டிஸ்க்கும் கொதிக்கக் கொதிக்க வண்டி சர்வீஸ் கடைக்கு வரும். கடைப் பையன் மண் அதிகம் ஒட்டியிருக்கிற இடமாகப் பார்த்து அடிப்பான். மண் அதிகம் ஒட்டுவது எங்கே? சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பில், லிங்கேஜில், செயினில், ஸ்விங் ஆர்ம் மூட்டில். பேரிங் இருக்கிற அத்தனை இடமும் அதுதான். குழாய் முனையைக் கையகல தூரத்தில் வைத்து நேராக அடிப்பான்.

மாடித் தொட்டியில் இருந்து 6 மீட்டர் கீழே இறங்குகிற வீட்டுக் குழாயில் தண்ணீரின் அழுத்தம் சுமார் 0.6 பார் (அழுத்தத்தை அளக்கிற அலகு). வீட்டுக்கு என்று விற்கிற சின்ன பிரஷர் வாஷரே 100 பாரைத் தாண்டும். சீல் என்பது ஒரு மெல்லிய ரப்பர் உதடு. தெறிக்கிற சேற்றையும் மழையையும் தடுக்கத்தான் அது. பக்கவாட்டில் இருந்து பீய்ச்சினால் உதடு தூக்கிக்கொள்ளும், தண்ணீர் உள்ளே போகும். பீய்ச்சல் நின்றதும் உதடு பழையபடி மூடிக்கொள்ளும். போன தண்ணீர் வெளியே வர வழி இல்லை.

சூடு இன்னொரு கணக்கு. ஹப்புக்குள் அடைபட்டிருக்கிற காற்று 60 டிகிரியில் இருந்து சட்டென்று 30 டிகிரிக்கு இறங்கினால் அதன் அளவு ஏறக்குறைய 9 சதவீதம் சுருங்கும். சுருங்கினால் வெளியில் இருந்து எதையாவது உறிஞ்சும். அந்த நேரம் சீல் வாசலில் நிற்பது தண்ணீர்தான்.

கழுவி முடித்ததும் "டீசல் அடிக்கட்டுங்களா?" என்று கேட்பார்களாம். இவரும் சரி என்பாராம். அடிப்பாகம் எல்லாம் கருகருவென்று மின்னும். டீசல் உலோகத்தின் மேல் தண்ணீரை ஒதுக்கும், அதுவரை சரி. ஆனால் அது கிரீஸைக் கரைத்து நீர்க்க வைக்கும், ரப்பருக்கு ஆகாது, பிரேக் டிஸ்க்கில் பட்டால் பேட் அதைக் குடித்துக்கொள்ளும்.

இத்தனைக்கும் மேல் ஒன்று உண்டு, அதைக் கடைசியாகத்தான் கேட்டேன். "கழுவினப்புறம் வண்டிய எப்ப எடுப்பீங்க?"

"அடுத்த ஞாயித்துக்கெழமைதானுங்ணா. மில்லுக்குக் கம்பெனி வேன் வந்துரும்."

அதாவது நனைந்த வண்டி கவர் போட்டு ஆறு நாள் நின்றிருக்கிறது. பேரிங்குக்குள் போன தண்ணீர் சூடேறி ஆவியாக ஒரு வாய்ப்பும் கிடைக்கவில்லை.

அதே மண், இன்னொரு வண்டி

அதே நிலத்தில் அதே மாடல் வண்டியை ஓட்டுகிற இவருடைய கூட்டாளி ஒருவர் இருக்கிறார். மாட்டுப் பண்ணை வைத்திருக்கிறார். வண்டியை வாட்டர் சர்வீஸுக்கே விட்டதில்லை. திங்களோ செவ்வாயோ நேரம் கிடைக்கும்போது பண்ணைக் குழாயில் பக்கெட் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார், அதுவும் அரைகுறையாக. ஆர்வத்தில் அவரையும் வரச் சொல்லி அந்த லிங்கேஜையும் கழற்றிப் பார்த்தேன். கிரீஸ் கருத்துக் குறைந்திருந்தது. ஊசிகள் அத்தனையும் வழவழப்பு. புஷ்ஷில் கோடு இல்லை. ஸ்விங் ஆர்ம் கையை விட்டதும் தொப்பென்று விழுந்தது.

இதைக் கேட்டுவிட்டு 'அப்ப கழுவாம விட்டாப் போதும்' என்று முடிவு கட்ட வேண்டாம். அந்த வண்டியின் செயின் இவருடையதை விட மோசம். பேட்களை அழுத்துகிற பின் பிரேக் காலிப்பரின் ஸ்லைடு பின் மண்ணோடு இறுகி, ஒரு பேட் மட்டும் தேய்ந்து தகடு தெரிந்தது. ஸ்விங் ஆர்ம் மேல் அப்பியிருந்த கரிசல் கட்டியைப் பெயர்த்தால் அடியில் பெயின்ட் கொப்புளித்திருந்தது. கரிசல் ஈரத்தை விடாது, ஈரத்துணியைச் சுற்றி வைத்த மாதிரி. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க் குழாயில் காய்ந்த மண்ணோடு ஓட்டியதில் ஒரு பக்கம் ஆயில் சீல் கசிந்தது.

இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. அவர் வண்டியைத் தினமும் எடுக்கிறார். ஆக, முதல் வண்டியின் லிங்கேஜைக் கொன்றது பிரஷர் தண்ணீரா, ஆறு நாள் நிறுத்தலா என்று இந்த இரண்டை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. என் கணிப்பு, தண்ணீர் உள்ளே போனதற்கு முதலாவது, உள்ளேயே இருந்ததற்கு இரண்டாவது.

"ரேஸ்காரங்க எல்லாம் பிரஷர் வாஷ்லதானுங்ணா அடிக்கறாங்க, வீடியோல பாக்கறமே" என்றார் தம்பி. நல்ல கேள்வி. அடிக்கிறார்கள்தான். ஆனால் மண் தடத்தில் பந்தயம் ஓட்டுகிற மோட்டோகிராஸ் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு கிடையாது, மணிக் கணக்கு. இத்தனை மணி ஓடினால் லிங்கேஜைப் பிரித்து கிரீஸ் வை, இத்தனை மணியில் பிஸ்டன் மாற்று என்று அட்டவணை போட்டுப் பிரித்துக்கொண்டே இருப்பார்கள். டக்கார் என்கிற நாள்கணக்கில் நடக்கிற பாலைவனப் பந்தயத்தில் 2024-ல் ரேலி-2 பிரிவை வென்ற ஷொர்ணூர்க்காரர் ஹரித் நோவா மாதிரி ஆட்களுக்குப் பின்னால் ராத்திரி வண்டியைப் பிரித்துப் பூட்ட மெக்கானிக்குகள் உண்டு. அதே டக்காரில் உதவியாளர் இல்லாமல் ஓட்டுகிற பிரிவும் இருக்கிறது. ஒரே ஒரு 80 லிட்டர் பெட்டிக்குள் தன் சாமானை வைத்துக்கொண்டு, தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். நாமெல்லாம் அந்த இரண்டாவது ஜாதி. பிரித்துப் பூட்ட ஆள் இல்லாதவன் உள்ளே தண்ணீர் விடக்கூடாது. கேடிஎம் பைக் கம்பெனி தன் கையேடுகளிலேயே பிரஷர் வாஷர் பயன்படுத்தினால் குறைந்தது 60 செ.மீ. தள்ளி நில், பேரிங்கையும் கப்ளரையும் நேராகக் காட்டாதே என்றுதான் எழுதியிருக்கிறது.

கேட்காத இடத்தில் கிடைத்தது

வந்த வேலை பின்பக்கத்தோடு சரி. ஆனாலும் மண் வண்டி என்றால் ஏர் ஃபில்டர் மூடியைத் திறக்காமல் நான் அனுப்புவதில்லை. லிங்கேஜ் போனால் முதுகு வலிக்கும். ஃபில்டர் விட்டுக்கொடுத்தால் இன்ஜினே போகும்.

ஃபில்டர் பெட்டியின் அடியில் தண்ணீர் தேங்கிக் காய்ந்த கோடு தெரிந்தது. தண்ணீர் வடிய வைத்திருக்கிற சின்ன ரப்பர் குழாயின் வாய் மண்ணால் அடைத்திருந்தது. ஃபில்டரை எடுத்துவிட்டு, இன்ஜினுக்குக் காற்று போகிற குழாயின் உள்சுவரை வெள்ளை பனியன் துணியால் ஒரு சுற்றுத் துடைத்தேன். லேசான செம்மண் தீற்றல். மஞ்சள் தூள் மாதிரி மெல்லியதுதான். ஆனால் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினால் 'நற'வென்றது. அந்தப் பக்கம் ஒரு தூசு கூட இருக்கக்கூடாது. மண்ணில் இருக்கிற குவார்ட்ஸ் கல்லின் கடினம் மோஸ் என்கிற கடின அளவுகோலில் 7, சாதாரணக் கத்தி இரும்பு 5.5 பக்கம். உப்புத்தாளை வாயில் போட்டு மெல்லுவதற்குச் சமம்.

எப்படிப் போனது? இது பேப்பர் ஃபில்டர். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஃபில்டருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தோம். மடிப்புகளுக்கு நடுவில் ஒரே ஒரு நட்சத்திரம். ஊசி ஓட்டை. பஞ்சர் கடையில் கம்ப்ரஸர் காற்றை முனையை ஒட்டிவைத்து அடித்துச் சுத்தம் செய்தாராம், இரண்டு மூன்று தடவை. இன்ஜினின் கம்ப்ரஷன் அழுத்தத்தைப் பார்த்தோம், குறையவில்லை. நல்ல நேரத்தில் பிடிபட்டது. பேப்பர் ஃபில்டரைக் கழுவ வேண்டாம், காற்றும் கிட்டத்தில் அடிக்க வேண்டாம். மண்ணில் ஓட்டுகிறவர் கையேட்டில் போட்ட கிலோமீட்டரில் பாதியிலேயே புதுசு போட்டுவிடலாம்.

ஸ்பான்ஞ் ஃபில்டர் வைத்த வண்டிக்காரர்களுக்கு வேறு முறை. மண்ணெண்ணெயில் அலசி, பிறகு சோப்புத் தண்ணீரில் அலசி, பிழிய வேண்டும். முறுக்கக் கூடாது, ஒட்டுகள் கிழியும். பெட்ரோல் வேண்டாம், அது ஒட்டுப் பசையைக் கரைக்கும், தீயும் பிடிக்கும். நிழலில் முழுக்கக் காய்ந்த பிறகு ஃபில்டர் ஆயிலைச் சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரி பிசைந்து ஏற்றி, பெட்டியில் உட்கார்கிற விளிம்பில் ஒரு விரல் கிரீஸ் இழுத்துவிட்டால் ஓரத்தில் தூசு நுழையாது. ஆயில் போடாத ஸ்பான்ஞ் ஃபில்டர் கொசுவலையில் மாவு சலிக்கிற வேலையைத்தான் செய்யும்.

மாற்றி அமைத்த வழக்கம்

ராக்கர் பேரிங்குகள், புஷ், சீல், பின்சக்கரத்துக்கு மூன்று பேரிங், செயின், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்ந்து 7,400 ரூபாய். ஷாக்கைத் தொடவில்லை, அது நன்றாகவே இருந்தது. ஊசி பேரிங்குகளில் தண்ணீருக்குத் தாங்குகிற மரைன் கிரீஸை விரலால் ஒவ்வொரு ஊசிக்கும் நடுவில் திணித்து, போல்ட்டின் உடம்பு முழுக்கப் பூசித்தான் பூட்டினோம். பூட்டியதும் நட்டுக்கும் ஃபிரேமுக்கும் சேர்த்து ஒரு கோடு, தம்பியின் தங்கச்சியிடம் வாங்கிய சிவப்பு நெயில் பாலிஷில். நட்டு அசைந்தால் கோடு முறியும். ஸ்பேனர் வைக்காமலே கழுவும்போது தெரிந்துவிடும்.

பிறகு அவர் வீட்டு வாசலிலேயே ஒரு ஞாயிறு உட்கார்ந்து கழுவிக் காட்டினேன். ஓட்டி வந்ததும் கழுவவில்லை. டீ குடித்து, கதை பேசி, அரை மணி நேரம் ஆறவிட்டோம். சைலன்சர் வாயில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய துணியை அடைத்து, அதன் வாலை வெளியே ஒரு ஜாண் தொங்கவிட்டோம். வால் இல்லாவிட்டால் மறந்துபோகும். என் அனுபவம் அது. செல்ஃபை அமுக்கி அமுக்கி, பிளக்கைக் கழற்றிப் பார்த்து, கடைசியில் சைலன்சரில் இருந்து என் துணியை நானே உருவிய நாள் உண்டு.

கரிசலை உடனே தேய்த்தால் பெயின்ட் மேல் உப்புத்தாள் போட்ட மாதிரிதான். மாடித் தொட்டிக் குழாயில் மெதுவாக நனைத்துவிட்டுப் பத்து நிமிஷம் விட்டால் பாதி தானாகவே வழுக்கி விழும். மட்கார்டின் உள்ளே, இன்ஜின் கார்டின் மேலே இருப்பதை மூங்கில் சில்லால் கிளறி எடுத்தோம். இரும்பு வேண்டாம். இன்ஜின் கார்டையே நாலு போல்ட் கழற்றி எடுத்ததில் அரைச்சட்டி மண் கிடைத்தது. 'பளபள' காலத்தில் இருந்தே அது அங்கே இருந்திருக்கிறது. சோப்புக்கு வண்டி ஷாம்பு போதும். துணி துவைக்கிற பவுடரில் சோடா இருக்கும், அலுமினியத்தை அது அரிக்கும்.

செயினுக்கு மண்ணெண்ணெயும் பழைய பல் பிரஷ்ஷும். இப்போது வருகிற செயின்களில் கண்ணிக்குள் கிரீஸை வைத்து ரப்பர் ஓ-ரிங்கால் அடைத்திருக்கிறார்கள். பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் அந்த ரிங்கைக் கெடுக்கும், பிரஷர் தண்ணீர் அதைத் தாண்டி உள்ளே போகும். துடைத்துக் காயவிட்டு, 90 கியர் ஆயிலைச் செயினின் உள்பக்கத்தில் சக்கரத்தைக் கையால் சுற்றியபடி விட வேண்டும். கையால்தான். இன்ஜினை ஓடவிட்டு கியரில் போட்டுச் செயினுக்கு எண்ணெய் விட்டு விரலைக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

டபிள்யூடி-40-ஐப் பற்றித் தம்பி கேட்டார். 1953-ல் தண்ணீரை விரட்டுவதற்காகக் கண்டுபிடித்த சரக்கு அது, பெயரில் இருக்கிற டபிள்யூடியே அதைத்தான் சொல்கிறது. கப்ளரிலும் சுவிட்சிலும் தண்ணீரை விரட்ட நல்லது. பேரிங்கில் அடித்தால் இருக்கிற கிரீஸையும் விரட்டும்.

இதற்கெல்லாம் மேலே நான் அழுத்திச் சொன்னது கடைசி இருபது நிமிஷம். பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிட்டு, சைலன்சர் துணியை எடுத்துவிட்டு, வண்டியை ஸ்டார்ட் செய்து நாலு கிலோமீட்டர் ஓட்டி வர வேண்டும். மெயின் ரோட்டில் பிரேக்கை லேசாகப் பிடித்துப் பிடித்து டிஸ்க்கைச் சூடேற்றி, ஸ்பீடு பிரேக்கர்களில் சஸ்பென்ஷனை அசைத்து. வந்ததும் செயினுக்கு எண்ணெய். வெதுவெதுப்பில் உள்ளே இறங்கும். இன்ஜின் ஆயில் தெரிகிற சின்னக் கண்ணாடியைப் பார்த்து, பால் கலந்த காபி நிறம் தெரிந்தால் இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கிறது, வண்டியை எடுக்காமல் என்னைக் கூப்பிட வேண்டும். ஸ்போக்குகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டினால் இறுகியது 'டிங்' என்னும், தளர்ந்தது 'டொக்' என்னும். ஃபோர்க் சீலில் லேசான கசிவு என்றால் சீல் போய்விட்டது என்று அவசரப்படாமல், பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் ஒரு கீற்று வெட்டி, சீல் உதட்டுக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் பல தடவை சிக்கியிருக்கிற மண் வந்துவிடும், கசிவும் நிற்கும். பண்ணைக்காரர் வண்டியில் அப்படித்தான் நின்றது.

கவர் மட்டும் வேண்டாம் என்றேன். ஈர வண்டிக்குக் கவர் போடுவது இட்லிச் சட்டியை மூடுவது மாதிரி.

ஐந்து மாதம் கழித்து

வடகிழக்குப் பருவமழை முழுக்க ஓட்டிவிட்டு 2025 பிப்ரவரியில் வந்தார். இடையில் 8 முறை மண்ணில் இறங்கியிருக்கிறார். வண்டி முன்பு மாதிரி மின்னவில்லை. ஃபின்களின் மூலையில் செம்மண் நிழல், டயர் ஓரத்தில் காய்ந்த கரிசல். கொஞ்சம் கூச்சத்தோடுதான் நிறுத்தினார்.

ஷாக் போல்ட்டை உருவி ஸ்விங் ஆர்மைத் தூக்கி விட்டேன். தொப். ராக்கர் புஷ் இரண்டு விரலுக்கு வந்தது. கிரீஸ் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கருத்திருந்தது, உள்ளே வைத்த நிறத்திலேயே இருந்தது. துடைத்துப் புது கிரீஸ் வைத்துப் பூட்டினோம். பின்சக்கர பேரிங்குகளும் சத்தமில்லை. காற்றுக் குழாயைத் துடைத்த துணி வெள்ளையாகவே வந்தது.

முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றும்போது மட்டும் கைக்கு ஏதோ தட்டியது. கழற்றினால் வலது பேரிங்கில் அதே செம்பழுப்புக் கறை. "அண்ணா, நான் நீங்க சொன்ன மாதிரியேதானுங்ணா கழுவினேன், சத்தியமா" என்றார். நம்பினேன். செப்டம்பரில் பின்சக்கரத்தை மட்டும் பிரித்து, முன்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து 'இது இருக்கட்டும்' என்று விட்டவன் நான்தான். அவருக்கு நூற்றுக்கணக்கில் மிச்சம் பண்ணிக் கொடுக்கிற நினைப்பில். அந்த 11 வாட்டர் சர்வீஸும் முன் ஹப்பிலும்தான் அடித்திருக்கும், அந்தத் தண்ணீர் அன்றைக்கே உள்ளே இருந்திருக்கும். கூலி வாங்காமல் இரண்டு பேரிங்கும் சீலும் போட்டுக் கொடுத்தேன். ஹேண்டில் திரும்புகிற இடத்து பேரிங்கான கோன் செட்டையும் அன்றே இறக்கிப் பார்த்தோம். அதில் கிரீஸ் காய்ந்திருந்தது, துரு இல்லை.